எண்ணாமல் எழுதிய ரிப்போர்ட்

பாலக்கோடு பக்கம் ராகிக் களியை யாரும் மென்று சாப்பிடுவதில்லை. உருண்டையாகக் கிள்ளி, குழம்பில் புரட்டி, அப்படியே விழுங்க வேண்டும். மென்றால் பல்லில் ஒட்டிக்கொள்ளும், ருசியும் போய்விடும் என்பார்கள். சின்னப் பிள்ளைகளுக்குக்கூட முதலில் சொல்லித் தருவது இதைத்தான்: "மெல்லாத, முழுங்கு!"

இப்படிப்பட்ட ஊரில் ஒருவனுக்கு அந்த விழுங்குகிற காரியமே தகராறு செய்ய ஆரம்பித்தால் என்ன ஆகும்?

ஒரு இளைஞனை நினைத்துக்கொள்ளுங்கள். வயது இருபத்தைந்து இருக்கும். தக்காளி மண்டியில் பெட்டி ஏற்றி இறக்குகிற வேலை. கொஞ்ச நாளாகச் சாப்பாடு நெஞ்சுக்குள் நின்று நின்று இறங்குகிறது. ஒவ்வொரு வாய்க்கும் ஒரு மடக்குத் தண்ணீர் வேண்டியிருக்கிறது. களியை விட்டுவிட்டுக் கஞ்சிக்கு மாறிவிட்டான். கறித்துண்டு என்றால் பயம். கல்யாண வீட்டுப் பந்தியில் உட்காருவதையே நிறுத்திவிட்டான். பக்கத்து இலைக்காரர்கள் கை கழுவப் போன பிறகும் தான் மட்டும் உட்கார்ந்து மென்றுகொண்டிருக்க வெட்கம். வீட்டில் கேட்டால் "அவசரமா திங்கிறான்" என்பார்கள். மருந்துக் கடையில் கேட்டால் "கேஸ் ட்ரபுள்" என்று ஒரு அட்டை மாத்திரை கொடுப்பார்கள். இப்படியே மூன்று, நான்கு வருடம் ஓடிவிடும்.

கடைசியில் ஒருநாள் கறித்துண்டு அடைத்துக்கொண்டு, எச்சிலைக்கூட விழுங்க முடியாமல், தருமபுரிக்கோ சேலத்துக்கோ பெங்களூருக்கோ ஓடுகிறான். எண்டோஸ்கோபி செய்கிறார்கள். அடைப்பை எடுத்துவிட்டு, உணவுக்குழாயிலிருந்து ஒரு துணுக்குச் சதையைக் கிள்ளிப் பயாப்சிக்கு அனுப்புகிறார்கள். ஒரு வாரத்தில் ரிப்போர்ட் வருகிறது. அதில் இருப்பது ஒரே வரி: "நாள்பட்ட, குறிப்பற்ற உணவுக்குழாய் அழற்சி. புற்றுநோய்க்கான அறிகுறி இல்லை."

குடும்பமே பெருமூச்சு விடுகிறது. கேன்சர் இல்லை! குலதெய்வத்துக்குப் பொங்கல் வைக்கிறார்கள். அவனுக்கோ அடுத்த வாரமும் சாப்பாடு இறங்கவில்லை.

கற்பனை இளைஞன்தான். ஆனால் அந்த ஒரு வரி கற்பனை அல்ல. எத்தனையோ கோப்புகளில் அது தூங்கிக்கொண்டிருக்கிறது. அந்த வரிதான் இங்கே குற்றவாளி.

அந்த வரியில் என்ன தப்பு?

பொய் இல்லை என்பதுதான் அதன் பெரிய தப்பு. அழற்சி இருந்தது உண்மை, புற்றுநோய் இல்லாததும் உண்மை. ஆனால் எந்த அணுவால் வந்த அழற்சி, எத்தனை அணுக்கள் என்ற இரண்டு கேள்விகளுக்கும் அதில் பதில் இல்லை. "வீட்டில் யாரோ புகுந்திருக்கிறார்கள்" என்று புகார் கொடுத்தவனிடம், "ஆமாம், புகுந்திருக்கிறார்கள், ஆனால் கொலைகாரன் இல்லை" என்று எழுதிக் கொடுத்து அனுப்புகிற போலீஸ் ஸ்டேஷன் மாதிரி.

ரத்தத்தில் உள்ள வெள்ளை அணுக்களில் ஈசினோபில் என்று ஒரு வகை உண்டு. "ஈசினோபிலியா" என்ற சொல்லை மூச்சிரைப்புக்காரர்கள் எல்லோருமே கேட்டிருப்பார்கள். ஜெர்மானிய விஞ்ஞானி பால் எர்லிக் 1879-ல் இந்த அணுவை அடையாளம் கண்டு பெயர் வைத்தார். ஈயோசின் என்ற சாயத்தை ஊற்றினால் இதன் வயிற்றுக்குள் இருக்கும் மணிகள் பளிச்சென்று சிவந்து நிற்கும். புழுக்களோடு சண்டை போடுவதும், ஒவ்வாமையில் கலந்துகொள்வதும் இதன் தொழில்.

இரைப்பையிலும் குடலிலும் ஈசினோபில்கள் கொஞ்சம் இருப்பது இயற்கை. உணவுக்குழாயின் உள்தோலில் அவை இருக்கவே கூடாது. அங்கே இயல்பான எண்ணிக்கை பூஜ்யம். ஒருவருக்கு விழுங்குவதில் சிரமம் இருந்து, அவருடைய உணவுக்குழாய்த் துணுக்கை நுண்ணோக்கியில் 400 மடங்கு பெருக்கிப் பார்க்கும்போது, ஒரே வட்டத்துக்குள் 15 அல்லது அதற்கு மேல் ஈசினோபில்கள் தெரிந்தால், அது "குறிப்பற்ற" அழற்சி அல்ல. அதற்குப் பெயர் இருக்கிறது: ஈசினோபிலிக் உணவுக்குழாய் அழற்சி. சாப்பாட்டிலுள்ள ஏதோ ஒன்றுக்கு உணவுக்குழாய் காட்டுகிற ஒவ்வாமை. ஆஸ்துமா, தோல் கரப்பான், அடுக்குத்தும்மல் உள்ளவர்களுக்கு அதிகம் வருகிறது. பெண்களைவிட ஆண்களுக்கு ஏறக்குறைய மூன்று மடங்கு. வைத்தியம் உண்டு. கவனிக்காமல் விட்டால் குழாய் வருடக்கணக்கில் தழும்பேறிச் சுருங்கிப்போகும்.

இதற்குத் தனிச் சாயம் வேண்டாம், தனி இயந்திரம் வேண்டாம். எல்லா பயாப்சி ஸ்லைடுக்கும் வழக்கமாகப் போடுகிற ஹீமடாக்ஸிலின்–ஈயோசின் சாயத்திலேயே அந்தச் சிவப்பு மணிகள் கண்ணைப் பறிக்கும். பார்த்து, எண்ணி, எழுத வேண்டும். அவ்வளவுதான். அந்த "அவ்வளவு" நடப்பதில்லை என்பதுதான் வழக்கு.

படித்தவர்களும் ஏமாந்த கதை

இது பாலக்கோட்டுக்காரனுக்கு மட்டும் நேர்ந்த அநியாயம் இல்லை. அமெரிக்காக்காரனும் ஐரோப்பாக்காரனும் இதே பள்ளத்தில் விழுந்து எழுந்தவர்கள்தான்.

1982-ல் வந்த ஓர் ஆய்வு, உணவுக்குழாய்த் தோலில் ஈசினோபில் தெரிந்தால் அது அமில எதுக்களிப்பின் அடையாளம் என்று சொன்னது. அதன்பின் பத்து வருடத்துக்கும் மேலாக எந்த ஸ்லைடில் சிவப்பு மணி தெரிந்தாலும் "அமில எதுக்களிப்பு" என்று எழுதுவது வாடிக்கையாகிவிட்டது. ஒன்றிரண்டு இருந்தாலும் அதே பெயர், ஐம்பது இருந்தாலும் அதே பெயர். ஒரு பெயர் கைவசம் தயாராக இருக்கும்போது எண்ணிப் பார்க்க யாருக்குத் தோன்றும்?

1993-ல் ஸ்டீபன் அட்வுட் என்ற அறுவை மருத்துவரும் அவர் கூட்டாளிகளும் 12 நோயாளிகளைப் பற்றி எழுதினார்கள். எல்லோருக்கும் விழுங்குவதில் சிரமம். எல்லோர் பயாப்சியிலும் ஒரு வட்டத்துக்கு 20-க்கு மேல் ஈசினோபில்கள். ஆனால் அமிலத்தை அளந்து பார்த்தால் பிரச்சினை அங்கே இல்லை! அப்படியானால் இது வேறு நோய். அடுத்த ஆண்டே ஸ்விட்சர்லாந்தில் அலெக்ஸ் ஸ்ட்ராமன் அதையே தனியாகக் கண்டு எழுதினார். 1995-ல் அமெரிக்காவில், எதுக்களிப்பு என்று வைத்தியம் பார்த்தும் தேறாத குழந்தைகளுக்குப் பால் முதலான வழக்கமான உணவை நிறுத்திவிட்டு அமினோ அமிலக் கரைசல் கொடுத்துப் பார்த்தார்கள். குழந்தைகள் தேறினார்கள், பயாப்சியில் ஈசினோபில்களும் குறைந்தன. ஒவ்வாமைதான் காரணம் என்பது பளிச்சென்று தெரிந்துபோனது.

இத்தனையும் எப்படிக் கிடைத்தது? எண்ணியதால் கிடைத்தது. எண்ணாத வரை அந்த நோய் உலகத்திலேயே "இல்லை". 2007-ல் முதல் கருத்தொருமிப்பு அறிக்கை வந்து, 15 என்ற எல்லைக்கோடு நிலைத்தது. அதற்குப் பிறகும் ஒரு ரிப்போர்ட்டில் எண் இல்லை என்றால், அது அறியாமை அல்ல, அலட்சியம்.

"இதெல்லாம் வெள்ளைக்கார வியாதி"

எண்ணாமல் இருப்பதற்குச் சொல்லப்படுகிற முதல் சாக்கு இது. நம்மூரில் இந்த நோய் அபூர்வமாம், அதனால் தேட வேண்டியதில்லையாம். தேடாததால் கிடைக்கவில்லை, கிடைக்காததால் தேடவில்லை. செக்குமாடு சுற்றுகிற வட்டம்தான் இது!

புது தில்லி எய்ம்ஸில் எதுக்களிப்புத் தொல்லையோடு வந்தவர்களை முறையாக பயாப்சி எடுத்துப் பார்த்த ஓர் ஆய்வு 2017-ல் வெளியானது. அவர்களில் நூற்றுக்கு மூன்று பேர் அளவில் இந்த நோய் இருந்தது. மேலைநாடுகளைப் போல அதிகம் இல்லை, சரி. ஆனால் "கேஸ்" என்று சொல்லி மாத்திரை வாங்குகிறவர்கள் ஒரு தாலுகாவில் எத்தனை பேர் என்று யோசித்தால், மூன்று சதவீதம் சின்னக் கூட்டமா?

இரண்டாவது சாக்கு: "இங்கே எல்லோர் வயிற்றிலும் புழு, ஈசினோபில் இருக்கத்தான் செய்யும்." புழு இருந்தால் ரத்தத்தில் ஈசினோபில் ஏறும், உண்மை. அதற்காக உணவுக்குழாயின் தோலில் ஐம்பது, அறுபது என்று குவிந்து கிடப்பதைப் புழுவின் கணக்கில் எழுதிவிட முடியாது. புழு என்ற சந்தேகம் இருந்தால் அதையும் ரிப்போர்ட்டில் எழுதி மலப் பரிசோதனை கேட்கலாமே? சந்தேகம் இருக்கிறது என்பதற்காக எண்ணையே மறைப்பது என்ன நியாயம்?

மூன்றாவது சாக்கு: "நேரமில்லை." ஒரு நாளைக்கு எத்தனையோ ஸ்லைடு பார்க்கிற நோயியல் மருத்துவரின் பாடு சுலபம் இல்லைதான். அவர் மேசையில் கேன்சர் கட்டிகள் காத்திருக்கும். ஆனால் இங்கே ஸ்லைடு முழுக்க எண்ணச் சொல்லவில்லை. குறைந்த பெருக்கத்தில் ஒரு சுற்று ஓட்டி, சிவப்பு அதிகமாக இருக்கிற ஒரு வட்டத்தைப் பிடித்து, அதில் மட்டும் எண்ணினால் போதும். அந்த உச்ச எண்ணிக்கைதான் கேட்கப்படுவது. ஒரு டீ ஆறுகிற நேரம்கூட ஆகாது. அந்த இளைஞன் இழந்ததோ நான்கு வருடச் சாப்பாடு.

ஒரு துணுக்கு போதாது

பழி முழுவதையும் நோயியல் மருத்துவர் தலையில் கட்டுவதும் நியாயமில்லை. அவருக்குக் கிடைப்பதே ஒரு துணுக்கு என்றால் அவர் என்ன செய்வார்?

இந்த நோய் குழாய் முழுக்க ஒரே சீராகப் பரவுவதில்லை. மழை பெய்கிற மாதிரி, இந்தத் தெருவில் கொட்டும், அடுத்த தெரு காய்ந்து கிடக்கும். 2006-ல் வந்த ஓர் அமெரிக்க ஆய்வில், ஒரே துணுக்கை வைத்துப் பார்த்தால் நோய் பிடிபடும் வாய்ப்பு 55 சதவீதம். ஐந்து துணுக்குகள் எடுத்தால் 100 சதவீதம். காசைச் சுண்டிப் பார்ப்பதற்கும் ஒரு துணுக்கை அனுப்புவதற்கும் பெரிய வித்தியாசம் இல்லை என்று அர்த்தம். அதனால்தான் இன்றைய வழிகாட்டு நெறிகள் மேலும் கீழுமாக இரண்டு மட்டத்திலிருந்தாவது, குறைந்தது ஆறு துணுக்குகள் எடுக்கச் சொல்கின்றன.

"பார்க்க நன்றாகத்தான் இருந்தது, அதனால் பயாப்சி எடுக்கவில்லை" என்பதும் அடிக்கடி கேட்கிற பேச்சு. இந்த நோயில் குழாய்க்குள் வளையம் வளையமாக, நீளவாக்கில் உழவுசால் போட்ட மாதிரிக் கோடுகளாக, வெள்ளைப் புள்ளிகளாகத் தெரியும் என்பது உண்மை. அந்த வெள்ளைப் புள்ளியைக் காளான் தொற்று என்று நினைத்து ஏமாறுவதும் உண்டு. ஆனால் சிலருக்குக் குழாய் வெளிப்பார்வைக்குச் சுத்தமாகவே இருக்கும். விழுங்க முடியவில்லை என்று ஒருவர் வந்தால், கண்ணுக்கு நன்றாகத் தெரிந்தாலும் துணுக்கு எடுத்தே ஆக வேண்டும்.

இன்னொன்று, துணுக்கோடு போகிற விண்ணப்பத் தாள். அதில் பெரும்பாலும் பெயர், வயது, "பயாப்சி" என்ற சொல்: தீர்ந்தது. நோயாளிக்கு என்ன தொல்லை, எத்தனை வருடமாக, ஆஸ்துமா உண்டா, ஒமிப்ரசோல், பேன்டோபிரசோல் போன்ற அமிலக் குறைப்பு மாத்திரை சாப்பிடுகிறாரா என்ற விவரம் எதுவும் இருக்காது. இந்தக் கடைசிக் கேள்வி ரொம்ப முக்கியம். இந்த நோய் உள்ளவர்களில் பாதிப் பேருக்குச் சற்றுக் குறைவானவர்களுக்கு அந்த மாத்திரையிலேயே ஈசினோபில்கள் குறைந்துவிடும். மருந்துக் கடையில் தானாக வாங்கிச் சாப்பிட்டுக்கொண்டே பயாப்சிக்கு வருகிறவரின் ஸ்லைடில் நோய் ஒளிந்துகொள்ளும். அதனால்தான் 2022-ல் வந்த பிரிட்டிஷ் வழிகாட்டுதல், பரிசோதனைக்கு முன்பு மூன்று வாரமாவது மாத்திரையை நிறுத்தச் சொல்கிறது. நம்மூரில் அதைக் கேட்கிறவர் யார், எழுதுகிறவர் யார்?

15 என்றால் எந்த 15?

எண் மட்டும் எழுதினாலும் வேலை முடியாது. எந்த அளவு வட்டத்தில் எண்ணியது என்றும் எழுத வேண்டும். இது சின்ன விஷயமாகத் தெரியும், ஆனால் இல்லை.

எல்லா நுண்ணோக்கியிலும் வட்டம் ஒரே அளவில் தெரிவதில்லை. 400 மடங்கில் ஒரு பழைய நுண்ணோக்கியின் வட்டம் 0.45 மில்லிமீட்டர் குறுக்களவு இருக்கலாம், பரப்பு 0.16 சதுர மில்லிமீட்டர். இன்னொன்றில் 0.55 மில்லிமீட்டர் இருக்கலாம், பரப்பு 0.24. ஒரு சதுர மில்லிமீட்டருக்கு 90 ஈசினோபில் உள்ள ஒரே துணுக்கை இரண்டிலும் வைத்தால், முதலாவது 14 என்று காட்டும், இரண்டாவது 21 என்று காட்டும். ஒரு லேபில் நோய் இல்லை, பக்கத்து லேபில் நோய் உண்டு! அந்த மனிதனின் உணவுக்குழாய் ஒன்றேதான்.

படியும் மரக்காலும் ஊருக்கு ஊர் மாறிய காலத்தில் வியாபாரம் எப்படி நடந்தது? எந்த ஊர்ப் படி என்று கேட்டுத்தான் நடந்தது. 2018-ல் வந்த சர்வதேச அறிக்கை, வட்டத்துக்கு 15 என்பது சதுர மில்லிமீட்டருக்குச் சுமார் 60 என்று சேர்த்தே சொல்கிறது. மண்டியில் பெட்டிக்கு எத்தனை கிலோ என்று கேட்டு விலை பேசுகிற ஊர் இது. பயாப்சிக்கு மட்டும் எடை போடாமல் விலை சொன்னால் எப்படி?

எண் மட்டுமே நோயும் அல்ல

இதைப் படித்துவிட்டு, 15 வந்தாலே "ஒவ்வாமை" என்று முத்திரை குத்தினால் அது அடுத்த பக்கத்துப் பள்ளம். அமில எதுக்களிப்பு, சில மருந்துகள், தொற்று, கீழ்வாய் திறக்காத அகலேசியா, குடலைத் தாக்கும் கிரோன் நோய் ஆகியவற்றிலும் ஈசினோபில்கள் உணவுக்குழாய்க்கு வரலாம். நோயாளியின் தொல்லையும், எண்டோஸ்கோபியில் கண்டதும், எண்ணிக்கையும் சேர்ந்து பொருந்தி, மற்றவை விலக்கப்பட்ட பிறகே அந்தப் பெயரை வைக்க வேண்டும். பெயர் வைக்கும் பொறுப்பு வைத்தியம் பார்க்கிறவருடையது, எண்ணைத் தரும் பொறுப்பு ஸ்லைடு பார்க்கிறவருடையது. ஒருவர் எண்ணைத் தராவிட்டால் மற்றவர் எதை வைத்துப் பெயர் வைப்பார்?

அப்படியானால் ஒரு நல்ல ரிப்போர்ட் எப்படி இருக்கும்? மேல்பகுதி, கீழ்ப்பகுதி தனித்தனியாக, எத்தனை துணுக்குகள் வந்தன. உச்ச எண்ணிக்கை எவ்வளவு, எந்தப் பரப்பில். அடித்தோல் தடித்திருக்கிறதா, ஈசினோபில்கள் கொத்துக் கொத்தாகச் சேர்ந்திருக்கின்றனவா, மேற்பரப்பில் அடுக்கியிருக்கின்றனவா. தோலுக்கு அடியில் உள்ள திசு துணுக்கில் வந்திருந்தால் அதில் தழும்பு உண்டா. காளான், வைரஸ் அடையாளம் உண்டா, இல்லையா. கடைசியாக "மருத்துவ விவரங்களோடு பொருத்திப் பார்க்கவும்" என்ற குறிப்பு. மொத்தம் ஆறேழு வரி. அரைப் பக்கம்கூட வராது.

இந்த ஆறேழு வரிக்கு இன்னொரு பயனும் உண்டு. இந்த நோயில் வைத்தியம் ஆரம்பித்து இரண்டு, மூன்று மாதத்தில் மறுபடி பயாப்சி எடுத்துத்தான் மருந்து வேலை செய்ததா என்று தெரிந்துகொள்ள முடியும். நெஞ்சு அடைப்பது குறைந்துவிட்டது என்று நோயாளி சொல்வதை மட்டும் நம்ப முடியாது. மெதுவாக மென்று, தண்ணீர் குடித்துச் சமாளிக்கப் பழகியவர்கள் அவர்கள். முதலில் 60 இருந்து இப்போது 5 என்றால் வெற்றி. 60 இருந்து 55 என்றால் மருந்தை மாற்ற வேண்டும். முதல் ரிப்போர்ட்டில் "லேசான அழற்சி", இரண்டாவதிலும் "லேசான அழற்சி" என்றால் எதோடு எதை ஒப்பிடுவது? தும்பை விட்டு வாலைப் பிடிக்கிற கதைதான்.

ஏழைக்கு என்ன பயன்?

"கண்டுபிடித்து என்ன ஆகப்போகிறது, வைத்தியத்துக்குக் காசு வேண்டாமா?" என்று கேட்பவர்களும் உண்டு. 2022-ல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற டூபிலுமாப் ஊசியின் விலையைக் கேட்டால் மயக்கம் வரும் என்பது உண்மை. ஆனால் வைத்தியம் அது ஒன்றுதானா? அமிலக் குறைப்பு மாத்திரையை மருத்துவர் சொன்ன அளவில், சொன்ன காலம் சாப்பிடுவது ஒரு வைத்தியம், அது மலிவு. ஆஸ்துமாவுக்கு மூச்சில் இழுக்கிற புடசோனைடு மருந்தைக் கெட்டியான கரைசலாக்கி விழுங்கச் சொல்வது இன்னொரு வைத்தியம். மூன்றாவது சாப்பாட்டில் கைவைப்பது. பால், கோதுமை, முட்டை, சோயா, கொட்டை வகைகளும் நிலக்கடலையும், மீன் வகைகள் என்று ஆறு சந்தேகப் பொருட்கள் உண்டு. 2023-ல் வந்த ஓர் ஆய்வில், பெரியவர்களுக்கு ஆறையும் நிறுத்தியதற்கும் விலங்குப் பாலை மட்டும் நிறுத்தியதற்கும் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. டீயில் பாலை நிறுத்த எந்த இன்சூரன்ஸ் அட்டை வேண்டும்? மருத்துவர் மேற்பார்வை வேண்டும், மறு பயாப்சி வேண்டும், எண் வேண்டும். சந்தேகப் பட்டியலில் ராகி இல்லை என்பது தருமபுரிக்காரர்களுக்குக் கிடைத்த கொசுறு!

சும்மா இருப்பதற்கும் ஒரு விலை உண்டு. ஸ்விட்சர்லாந்தில் 2013-ல் வெளியான ஆய்வு அந்த விலையைக் கணக்குப் போட்டுக் காட்டியது. தொல்லை ஆரம்பித்து இரண்டு வருடத்துக்குள் கண்டுபிடிக்கப்பட்டவர்களில் 17 சதவீதம் பேருக்குத்தான் குழாய் சுருங்கியிருந்தது. இருபது வருடத்துக்கு மேல் தாமதமானவர்களில் 71 சதவீதம் பேருக்குச் சுருங்கிவிட்டிருந்தது. ஒவ்வொரு "குறிப்பற்ற அழற்சி"யும் ஒரு மனிதனை இந்த 17-லிருந்து அந்த 71-ஐ நோக்கித் தள்ளிவிடுகிறது. பிறகு பலூன் வைத்து விரிக்கிற செலவு, கிழிந்துவிடுமோ என்ற பயம், அவசர ஓட்டம்... எல்லாம் எண்ணாததற்குக் கட்டுகிற வட்டி.

தூரமும் இனி ஒரு சாக்கு இல்லை. 2008-ல் தருமபுரிக்கு அரசு மருத்துவக் கல்லூரி வந்துவிட்டது. நோயியல் துறை இல்லாமல் எந்த மருத்துவக் கல்லூரியும் இல்லை. பாலக்கோட்டிலிருந்து பஸ் ஏறினால் போய்விடலாம். நுண்ணோக்கி இருக்கிறது, சாயம் இருக்கிறது, படித்தவர்கள் இருக்கிறார்கள். குறை ஒரு பழக்கத்தில்தான் இருக்கிறது. பழக்கத்தை மாற்ற பட்ஜெட் ஒதுக்கீடு தேவையில்லை.

நோயாளிகளும் வாய் திறக்க வேண்டும். "கேன்சர் இல்லைதானே?" என்பதோடு கேள்வியை நிறுத்திக்கொள்ளக் கூடாது. "எத்தனை துணுக்கு எடுத்தீர்கள்? ஈசினோபில் எத்தனை?" என்று கேட்கலாம். பழைய ரிப்போர்ட் வைத்திருப்பவர்களுக்கும் வழி அடைந்துவிடவில்லை. பயாப்சித் துணுக்கு மெழுகுக் கட்டிக்குள் வருடக்கணக்கில் கெடாமல் இருக்கும். லேபில் அது இன்னும் இருந்தால், அந்த ஸ்லைடை மறுபடி பார்த்து எண்ணச் சொல்லலாம். சிவப்பு மணிகள் எங்கும் ஓடிப்போயிருக்காது. எண்ண ஒருவர் வரும்வரை அங்கேயே காத்திருக்கும்.

அந்த இளைஞனின் துணுக்கும் அப்படித்தான் ஏதோ ஒரு அலமாரியில் கிடக்கும். அதை எடுத்து, கண்ணாடிக்குக் கீழே வைத்து, ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ண ஐந்து நிமிடம் போதும். அந்த ஐந்து நிமிடத்தை யாராவது ஒருவர் கொடுத்தால், அவன் மறுபடியும் பந்தியில் உட்காருவான். களியும் மெல்லாமல் இறங்கும்.